காகிதத்தில் மட்டுமே இருந்த 1.9 பில்லியன் யூரோ: வயர்கார்டு மோசடி சிங்கப்பூரில் யாரையெல்லாம் தொட்டது?

கடையில அட்டையைத் தட்டுறீங்க. "பீப்" சத்தம் கேட்குது. காப்பி கைக்கு வந்துடுது. உங்கள் வங்கியிலிருந்து கடைக்காரரின் வங்கிக்குப் பணம் போய்ச் சேர வேண்டும். அந்த வேலையைச் செய்ய நடுவில் ஒரு நிறுவனம் இருக்கிறது. அதன் பெயர் பெரும்பாலும் உங்களுக்குத் தெரியாது; ஏதாவது தப்பாக நடக்கும்வரை தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

அப்படிப்பட்ட நிறுவனம்தான் ஜெர்மனியின் வயர்கார்டு. 1999இல் தொடங்கியது. மியூனிக் நகருக்கு அருகே தலைமையகம். 2018 செப்டம்பரில் ஜெர்மனியின் முன்னணிப் பங்குகள் இடம்பெறும் டாக்ஸ் குறியீட்டில் நுழைந்தது. அதற்காக வெளியேறியது எது தெரியுமா? காமர்ஸ்பேங்க், நூறாண்டுக்கும் மேல் பழமையான வங்கி. அப்போது வயர்கார்டின் சந்தை மதிப்பு சுமார் 24 பில்லியன் யூரோ.

இரண்டே ஆண்டில் எல்லாம் முடிந்துபோனது. 2020 ஜூனில், கணக்கில் இருக்க வேண்டிய 1.9 பில்லியன் யூரோவைக் காணோம் என்றது நிறுவனம். சில நாள் கழித்து, அந்தப் பணம் இருந்ததற்கான வாய்ப்பே குறைவு என்றது. பிறகு திவால்.

"ஜெர்மன் கம்பெனிதானே, நமக்கென்ன?" என்று கேட்கலாம். அந்தப் பணம் பல ஆண்டுகளாக எங்கே இருந்ததாகக் காட்டப்பட்டது? சிங்கப்பூரில். முறைகேட்டை முதலில் வெளியே கொண்டுவந்தவர் யார்? சிங்கப்பூர் அலுவலகத்தில் வேலை பார்த்த வழக்கறிஞர். இந்த விவகாரத்தில் உலகிலேயே முதலில் சிறைத் தண்டனை பெற்றவர்கள்? அவர்களும் சிங்கப்பூர் அலுவலக ஊழியர்கள்தான்.

இல்லாத பணம் எப்படி இருப்பது போல் தெரிந்தது?

வயர்கார்டுக்கு எல்லா நாட்டிலும் உரிமம் கிடையாது. உரிமம் இல்லாத இடங்களில் "கூட்டாளி நிறுவனங்கள்" தனக்காகப் பரிவர்த்தனைகளைக் கையாள்வதாக அது சொன்னது. துபாயில் ஒன்று, பிலிப்பீன்சில் ஒன்று, சிங்கப்பூரில் ஒன்று. அந்தக் கூட்டாளிகள் தர வேண்டிய தரகுத் தொகை நேராக வயர்கார்டின் வங்கிக் கணக்குக்கு வராமல், மூன்றாம் தரப்பு ஒருவரின் பொறுப்பில் இருக்கும் எஸ்குரோ கணக்கில் சேர்வதாகக் காட்டப்பட்டது. வருமானம் வந்ததாகக் கணக்கு இருந்தது. ஆனால் கையில் காசு வரவில்லை. யாரோ ஒருவரின் பாதுகாப்பில் "பத்திரமாக" இருந்தது.

கோயில் திருவிழாக் குழுவை நினைத்துக்கொள்ளுங்கள். பொருளாளரிடம் கணக்குக் கேட்கிறீர்கள். அவர் வங்கிப் புத்தகத்தைக் காட்டாமல், "பணம் என் நண்பரிடம் இருக்கு, இதோ அவர் கொடுத்த கடிதம்" என்கிறார். கடிதத்தில் முத்திரை இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது. நீங்க என்ன செய்வீங்க? வங்கிக்கு ஒரு ஃபோன் போட மாட்டீங்களா?

தணிக்கையாளர்களுக்கு இது புதுப் பாடமில்லை. வெளியாரிடமிருந்து உறுதிப்படுத்தல் பெறுவது பற்றி அனைத்துலகத் தணிக்கைத் தரநிலை 505 விரிவாகவே பேசுகிறது. உறுதிப்படுத்தல் கடிதம் கேட்டு அனுப்புவதும் பதிலைப் பெறுவதும் தணிக்கையாளரின் கட்டுப்பாட்டிலேயே இருக்க வேண்டும் என்பதே அதன் சாரம். சரிபார்க்கப்படும் நிறுவனத்தின் கை அதில் படக்கூடாது.

வயர்கார்டின் கணக்குகளைப் பத்தாண்டுக்கு மேல் தணிக்கை செய்தது எர்ன்ஸ்ட் அண்ட் யங். உலகின் நான்கு பெரிய தணிக்கை நிறுவனங்களில் ஒன்று. பெரும்பகுதிப் பணம் சிங்கப்பூரின் ஓசிபிசி வங்கியில் இருப்பதாகச் சொல்லப்பட்ட ஆண்டுகளில், அந்த வங்கியிடம் தணிக்கையாளர்கள் நேரடியாகக் கணக்கு விவரம் கேட்கவில்லை என்று ஃபைனான்ஷியல் டைம்ஸ் நாளிதழ் 2020 ஜூனில் செய்தி வெளியிட்டது. வயர்கார்டும் பணத்துக்குப் பொறுப்பாக இருந்த மூன்றாம் தரப்பும் கொடுத்த ஆவணங்களும் திரைப்பதிவுகளும் போதுமானவையாக எடுத்துக்கொள்ளப்பட்டன என்கிறது அந்தச் செய்தி. ஆமாம், ஸ்கிரீன்ஷாட். பில்லியன் கணக்கான யூரோவுக்கு.

வெண்பலகை வகுப்பு

2018 தொடக்கத்தில் வயர்கார்டின் சிங்கப்பூர் அலுவலகத்தில் நடந்ததாக அதே நாளிதழ் விவரித்த ஒரு சம்பவம், இந்த விவகாரம் முழுவதையும் ஓர் அறைக்குள் காட்டிவிடுகிறது. ஆசிய-பசிபிக் கணக்குப் பிரிவின் மூத்த அதிகாரி ஒருவர் சில ஊழியர்களை அழைத்து, வெண்பலகையில் படம் போட்டு விளக்கினாராம். ஹாங்காங்கில் உரிமம் வாங்க வேண்டும்; அதற்கு அங்கே வியாபாரம் நடப்பதுபோல் தெரிய வேண்டும். ஆகவே, பணம் ஜெர்மனியிலிருந்து கிளம்பும். ஹாங்காங் கிளையில் முகம் காட்டும். வெளியார் ஒருவரின் கணக்கில் கொஞ்ச நேரம் தங்கும். பிறகு இந்தியாவில் உள்ள வயர்கார்டு கிளைக்கு "வருமானமாக" வந்து சேரும். ஒரே பணம்தான் ஊர் சுற்றி வருகிறது. ஒவ்வோர் ஊர்த் தணிக்கையாளர் கண்ணுக்கும் அது வியாபாரமாகத் தெரியும்.

இந்தியக் கிளை என்றதும் ஒரு சின்னக் குறிப்பு. 2015இல் வயர்கார்டு வாங்கிய இந்திய நிறுவனங்களில் முக்கியமானது சென்னையைத் தளமாகக் கொண்ட ஹெர்மிஸ் ஐ டிக்கெட்ஸ். அந்தத் தொகுப்புக்கு 340 மில்லியன் யூரோ வரை விலை பேசப்பட்டது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் மொரிஷியஸில் பதிவான ஒரு முதலீட்டு நிதி ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு விலையில் அதை வாங்கியிருந்தது. அந்த நிதியின் பின்னால் இருந்தது யார் என்ற கேள்வி பின்னாளில் பல நீதிமன்றங்களில் ஒலித்தது. அது தனிக் கதை.

வெண்பலகைப் பேச்சு சிங்கப்பூர் அலுவலகத்தின் சட்ட ஆலோசகர் பாவ் கில்லின் காதுக்கு வந்தது. அவர் உள்விசாரணையைத் தொடங்க வைத்தார். ராஜா அண்ட் டான் சட்ட நிறுவனம் ஆவணங்களைப் பார்த்தது. போலி ஒப்பந்தங்கள், கணக்கைத் திரித்தல் ஆகியவற்றுக்கான அறிகுறிகள் இருப்பதாக முதற்கட்ட அறிக்கை சொன்னது. பிறகு என்ன ஆச்சு? விசாரணையின் கட்டுப்பாடு தலைமையகத்திடம் போனது. அறிக்கையில் பெயர் அடிபட்டவர்கள் பதவியில் நீடித்தார்கள். கேள்வி எழுப்பியவர் 2018 செப்டம்பரில் வேலையை விட்டுப் போகும்படி ஆனது.

அவர் போகும்போது ஆவணங்கள் அவரிடம் இருந்தன. செய்தியாளர்களை முதலில் தொடர்புகொண்டவர் அவருடைய தாயார். 2019 ஜனவரி 30ஆம் தேதி ஃபைனான்ஷியல் டைம்ஸில் முதல் கட்டுரை வந்தது. அந்த வாரமே பங்கு சரியத் தொடங்கியது. பிப்ரவரி 8ஆம் தேதி சிங்கப்பூர்க் காவல்துறையின் வர்த்தக விவகாரப் பிரிவு வயர்கார்டு அலுவலகத்தில் சோதனை நடத்தியது.

கேள்வி கேட்டவர்கள் மீதே புகார்

இந்த விவகாரத்தில் மிகவும் உறுத்துவது இந்தப் பகுதிதான்.

சிங்கப்பூரில் காவல்துறை கோப்புகளைக் கைப்பற்றிக்கொண்டிருந்த அதே மாதத்தில், ஜெர்மனியின் நிதிச்சந்தைக் கண்காணிப்பு அமைப்பான பாஃபின் வேறொரு வேலை செய்தது. வயர்கார்டு பங்கின் விலை இறங்கும் என்று பந்தயம் கட்டும் வர்த்தகத்துக்கு இரண்டு மாதத் தடை விதித்தது. ஒரே ஒரு நிறுவனத்தின் பங்கைக் காப்பாற்ற அந்த அமைப்பு இப்படிச் செய்தது அதுவே முதல் முறை. ஏப்ரலில் இன்னும் ஒரு படி மேலே போனது: சந்தையைத் திரிக்கப் பார்த்ததாக ஃபைனான்ஷியல் டைம்ஸ் செய்தியாளர்கள் மீதே மியூனிக் அரசாங்க வழக்கறிஞர்களிடம் புகார் கொடுத்தது.

சாதாரண முதலீட்டாளர் இதை எப்படிப் புரிந்துகொள்வார்? "கண்காணிப்பு அமைப்பே கம்பெனி பக்கம் நிக்குது. அப்போ செய்திதான் பொய்." பலர் அப்படித்தான் நினைத்தார்கள், தொடர்ந்து பங்குகளை வாங்கினார்கள். ஜப்பானின் சாஃப்ட்பேங்க் குழுமம் 900 மில்லியன் யூரோ முதலீடு செய்யப்போவதாக அறிவித்ததும் அதே 2019 ஏப்ரலில்தான். பெரிய பெயர்கள் ஒன்றையொன்று பார்த்து நம்பின. யாரும் அந்த வங்கிக் கணக்கைப் பார்க்கவில்லை.

"அது எங்கள் வேலை இல்லை" என்ற பதில் பிறகு வந்தது. வயர்கார்டு நிதி நிறுவனமாக வகைப்படுத்தப்படவில்லை. தொழில்நுட்ப நிறுவனமாகக் கருதப்பட்டது. ஆகவே குழுமத்துக்குள் இருந்த சிறிய வங்கியை மட்டுமே பாஃபின் நேரடியாகக் கண்காணித்தது. மீதியின் கணக்குகளைச் சோதிக்கும் பொறுப்பு ஒரு தனியார் அமைப்பிடம் இருந்தது. டாக்ஸ் குறியீட்டில் இருந்த நிறுவனத்தின் கணக்கை அங்கே ஆராய ஒதுக்கப்பட்டது ஒரே ஓர் அலுவலர் என்று பின்னர் தெரியவந்தது.

முதலீட்டாளர்களின் நெருக்கடியால் 2019 அக்டோபரில் கேபிஎம்ஜி நிறுவனம் தனித் தணிக்கைக்கு அழைக்கப்பட்டது. 2020 ஏப்ரல் 28ஆம் தேதி வந்த அதன் அறிக்கை, கூட்டாளி நிறுவனங்கள் மூலம் வந்ததாகச் சொல்லப்பட்ட வருமானத்தைச் சரிபார்க்க முடியவில்லை என்றது. அதற்குள் "பணம்" சிங்கப்பூரிலிருந்து பிலிப்பீன்சுக்கு இடம் மாறியிருந்தது, காகிதத்தில். ஜூன் மாதம் அங்கிருந்த இரண்டு வங்கிகளும் தங்கள் பெயரில் இருந்த ஆவணங்கள் போலி என்றன. அந்தப் பணம் நாட்டுக்குள் வரவேயில்லை என்றார் பிலிப்பீன்ஸ் மத்திய வங்கி ஆளுநர்.

ஜூன் 18ஆம் தேதி எர்ன்ஸ்ட் அண்ட் யங் கணக்கில் கையெழுத்திட மறுத்தது. முந்தைய நாள் 100 யூரோவுக்கு மேல் இருந்த பங்கு, அடுத்த வாரக் கடைசியில் 2 யூரோவுக்கும் கீழே போனது. ஜூன் 25ஆம் தேதி நிறுவனம் திவாலுக்கு விண்ணப்பித்தது.

தண்டனை கிடைத்தது யாருக்கு?

இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். செய்தியில் "நடவடிக்கை எடுக்கப்பட்டது" என்று ஒரே வரியில் வருவது, உண்மையில் நாலைந்து தனித்தனிப் பாதைகள். குற்றவியல் வழக்கு ஒன்று, கண்காணிப்பு அமைப்புகளின் அபராதம் இன்னொன்று, போன பணத்தைத் திரும்பக் கேட்கும் உரிமையியல் வழக்குகள் வேறொன்று. ஒன்றில் தப்பித்தவர் இன்னொன்றில் மாட்டலாம்.

வயர்கார்டின் முன்னாள் தலைமை நிர்வாகி மார்க்கஸ் பிரவுன் மீதான குற்றவியல் வழக்கு 2022 டிசம்பர் 8ஆம் தேதி மியூனிக்கில் தொடங்கியது. சிறை வளாகத்துக்குள்ளேயே இருக்கும் நீதிமன்ற அறை. ஆண்டுக்கணக்கில் விசாரணை இழுத்தது. தாம் எதுவும் செய்யவில்லை, தாமும் ஏமாற்றப்பட்டவர்தான் என்பது பிரவுனின் வாதம். துபாய் அலுவலகத்தின் முன்னாள் தலைவர் அரசாங்கத் தரப்புச் சாட்சியாக மாறி, கூட்டாளி நிறுவன வியாபாரமே கற்பனை என்று சொன்னார். நிறுவனத்தின் இரண்டாம் நிலைத் தலைவர் யான் மார்சலெக்? அவர் 2020 ஜூன் 19ஆம் தேதி தனி விமானத்தில் பெலருஸுக்குப் பறந்துவிட்டார். ரஷ்யாவுக்காக வேவு பார்த்த பல்கேரியக் கும்பலை இயக்கியவராக லண்டன் நீதிமன்றத்தில் அவர் பெயர் பிறகு வந்தது. படமாக எடுத்தால் நம்ப மாட்டோம்.

இப்போது சிங்கப்பூருக்கு வருவோம்.

2023 ஜூனில் இங்குள்ள வயர்கார்டு அலுவலகத்தின் முன்னாள் நிதிப் பிரிவு ஊழியர்கள் இருவருக்குச் சிறை விதிக்கப்பட்டது. ஒருவருக்கு 21 மாதம், மற்றொருவருக்கு 10 மாதம். நிறுவனத்தின் பணத்தைக் கையாடச் சதி செய்தது குற்றம். பில்லியன்களை வைத்துப் பார்த்தால் அவர்கள் கையாண்ட தொகை மிகச் சிறியது. மேலே சொன்ன வெண்பலகை அறையைப் போன்ற அறைகளில் பெரிய முதலாளிகள் உட்கார்ந்திருப்பதில்லை. உட்கார்ந்திருப்பது நிதிப் பிரிவு ஊழியர்கள். உங்களில் சிலர் படிப்பை முடித்ததும் சேரப்போகும் வேலை அது.

அதனால இதைத் தெளிவாச் சொல்லிடலாம். சிங்கப்பூர்த் தண்டனைச் சட்டத்தின் 477ஏ பிரிவு, ஏமாற்றும் நோக்கத்தோடு கணக்கையோ ஆவணத்தையோ திரிப்பவருக்கு 10 ஆண்டு வரை சிறை விதிக்க இடம் தருகிறது. இயக்குநருக்கு ஒரு சட்டம், எழுத்தருக்கு ஒரு சட்டம் என்று அது பிரிக்கவில்லை. "மேலதிகாரி சொன்னார், செஞ்சேன்" என்பது தண்டனையின் அளவைக் குறைக்க உதவலாம். குற்றத்தையே இல்லாமல் ஆக்காது. எஸ்குரோ கணக்கில் பல மில்லியன் யூரோ இருப்பதாகப் பொய்க் கடிதங்கள் கொடுத்தார் என்று சிங்கப்பூர்ச் சேவை நிறுவனம் ஒன்றின் இயக்குநர் மீது 2020இல் குற்றம் சாட்டப்பட்டதும் இந்தப் பிரிவின் கீழ்தான். ஒரு கடிதம். ஒரு கையெழுத்து. அதை நம்பி ஜெர்மனியில் ஒருவர் பங்கு வாங்கியிருப்பார்.

அடுத்து, சிங்கப்பூர் நாணய ஆணையம். வயர்கார்டு இங்கே கடைகளுக்குக் கட்டணச் சேவை தந்தது; முன்கட்டண அட்டைகள் வெளியிட நிறுவனங்களுக்கு உதவியது. தாய் நிறுவனம் ஜூனில் விழுந்ததும், வாடிக்கையாளர்களின் பணத்தை இங்குள்ள வங்கிகளிலேயே வைத்திருக்கும்படி ஆணையம் சொன்னது. செப்டம்பர் கடைசியில் சேவையை நிறுத்தவும், அக்டோபர் 14ஆம் தேதிக்குள் எல்லாப் பணத்தையும் திருப்பிக் கொடுக்கவும் உத்தரவிட்டது. உடனே ஏன் நிறுத்தவில்லை என்று கேட்கலாம். திடீரென நிறுத்தினால் அட்டை வாங்கும் கடைகள் மாட்டிக்கொள்ளும். அவை வேறு சேவைக்கு மாற நேரம் வேண்டும். சந்தையில் நிறுவனம் விழுந்த வேகத்தோடு ஒப்பிட்டால், இங்கே அதன் கதவு மெதுவாகத்தான் மூடியது. அதனால் கடைக்காரர்கள் தப்பித்தார்கள் என்றே சொல்ல வேண்டும்.

2023 ஜூனில் நான்கு நிதி நிறுவனங்கள்மீது ஆணையத்தின் பார்வை விழுந்தது. டிபிஎஸ்ஸுக்கு 2.6 மில்லியன் வெள்ளி, ஓசிபிசிக்கு 600,000 வெள்ளி, சிட்டிபேங்குக்கு 400,000 வெள்ளி, ஸ்விஸ் லைஃப் நிறுவனத்தின் சிங்கப்பூர்க் கிளைக்கு 200,000 வெள்ளி. மொத்தம் 3.8 மில்லியன். இவர்கள் மோசடியில் பங்கெடுத்தார்கள் என்று ஆணையம் சொல்லவில்லை, அதைக் கவனமாக வாசிக்க வேண்டும். வயர்கார்டோடு தொடர்புடையவர்கள் வாடிக்கையாளர்களாக இருந்தபோது, கணக்கின் உண்மையான உரிமையாளர் யார், பெரிய தொகை ஏன் நகர்கிறது என்பதைப் போதுமான அளவு விசாரிக்கவில்லை; கள்ளப் பணத் தடுப்பு விதிகளை மீறினார்கள் என்பதே காரணம். நீங்க புதுசா வங்கிக் கணக்கு திறக்கப் போனா எத்தனை கேள்வி கேட்கிறாங்க! எரிச்சல்தான். ஆனால் அதே கேள்விகளைப் பெரிய நிறுவனத்தின் வாசலில் கேட்கத் தயங்கினால் என்ன ஆகும் என்பதற்கு இந்த 3.8 மில்லியன் ஒரு கணக்கு.

தணிக்கையாளருக்கு என்ன ஆனது?

2023 ஏப்ரலில் ஜெர்மனியின் தணிக்கையாளர் மேற்பார்வை அமைப்பு எர்ன்ஸ்ட் அண்ட் யங்கின் ஜெர்மன் பிரிவுக்கு 500,000 யூரோ அபராதம் விதித்தது. பங்குச் சந்தையில் உள்ள நிறுவனங்கள் போன்ற பொதுநலன் சார்ந்த புதிய வாடிக்கையாளர்களை இரண்டு ஆண்டுகளுக்கு ஏற்கக்கூடாது என்றும் தடை போட்டது. தனிப்பட்ட தணிக்கையாளர்கள் ஐவருக்கும் அபராதம்.

24 பில்லியன் யூரோ மதிப்புக்கு முன்னால் 500,000 யூரோ. கணக்குப் போடவே வேண்டாம். ஆனால் பெரிய தணிக்கை நிறுவனத்துக்கு வலிக்கும் இடம் அபராதம் இல்லை என்பது நம் கணிப்பு. புது வாடிக்கையாளர் தடைதான் வலிக்கும். நம்பிக்கையை விற்கும் தொழில் அது. "இவர்களைப் புதிதாக நியமிக்காதே" என்று அரசாங்க அமைப்பே சொன்னால், கடையின் பெயர்ப் பலகையில் கறை படிந்த மாதிரி.

மேற்பார்வை அமைப்பின் கதையும் சுத்தமில்லை. தணிக்கையாளர்களைக் கண்காணிக்கும் அமைப்பின் தலைவரே, விசாரணை நடந்த காலத்தில் வயர்கார்டு பங்குகளை வாங்கி விற்றவர் என்பது நாடாளுமன்ற விசாரணையில் வெளியானது. பதவி போனது. பாஃபின் ஊழியர்கள் சிலரும் அந்தப் பங்கில் வர்த்தகம் செய்திருந்தார்கள். பாஃபின் தலைவர் ஃபெலிக்ஸ் ஹூஃபெல்ட் வெளியேறுவார் என்று 2021 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. சுவிட்சர்லாந்தின் கண்காணிப்பு அமைப்பிலிருந்து புதியவர் கொண்டுவரப்பட்டார். செய்தியாளர்கள் மீதான புகாரை மியூனிக் அரசாங்க வழக்கறிஞர்கள் 2020 செப்டம்பரிலேயே கைவிட்டிருந்தார்கள்.

2021 ஜூலை 1ஆம் தேதி ஜெர்மனியில் புதிய சட்டம் நடப்புக்கு வந்தது. பங்குச் சந்தையில் உள்ள நிறுவனம் ஒரே தணிக்கை நிறுவனத்தைப் பத்தாண்டுக்கு மேல் வைத்திருக்க முடியாது. தணிக்கையாளர் கவனக்குறைவாக இருந்தால் கொடுக்க வேண்டிய இழப்பீட்டின் உச்சவரம்பு, பங்குச் சந்தை நிறுவனங்களைப் பொறுத்தவரை 4 மில்லியன் யூரோவிலிருந்து 16 மில்லியனுக்கு உயர்ந்தது. மிக மோசமான அலட்சியத்துக்கு வரம்பே இல்லை. கணக்குகளைச் சோதிக்கும் பொறுப்பு தனியார் அமைப்பிடமிருந்து பாஃபினுக்குப் போனது. பாஃபின் ஊழியர்கள் பங்கு வர்த்தகம் செய்யக் கடுமையான தடையும் வந்தது.

பணம் திரும்பக் கிடைக்குமா?

பங்கு வாங்கியவர்கள்தான் இதை அதிகம் கேட்கிறார்கள். சுருக்கமான பதில்: பெரும்பாலும் இல்லை. ஒரு நிறுவனம் திவாலானால் மிச்சமிருப்பதைப் பங்கிடும் வரிசையில் கடன் கொடுத்தவர்கள் முன்னால் நிற்பார்கள், பங்குதாரர் கடைசியில். வங்கிகளும் கடன் பத்திரம் வாங்கியவர்களும் வாங்கியபின் எதுவும் மிஞ்சுமா என்பதே சந்தேகம்.

அதனால்தான் சட்டப் போராட்டம் வேறு வழிகளில் போகிறது. தணிக்கை நிறுவனத்தின் மீது வழக்கு. முன்னாள் நிர்வாகிகளின் சொந்தச் சொத்தின் மீது வழக்கு. 2022 மே மாதம் மியூனிக் நீதிமன்றம், வயர்கார்டின் 2017, 2018ஆம் ஆண்டுக் கணக்குகள் செல்லாது என்றது. கணக்கே செல்லாது என்றால் அதை வைத்துக் கொடுத்த ஈவுத்தொகையும் கேள்விக்குள்ளாகிறது. இல்லாத லாபத்துக்குக் கட்டிய வரியையும் திரும்பக் கேட்கலாம். 2024 செப்டம்பரில் பிரவுனும் இன்னும் இரண்டு முன்னாள் நிர்வாகிகளும் 140 மில்லியன் யூரோ இழப்பீடு தர வேண்டும் என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிங்கப்பூரில் இயங்கிய ஒரு நிறுவனத்துக்குப் போதிய ஈடு இல்லாமல் கொடுக்கப்பட்ட கடன்தான் அந்த வழக்கின் மையம். பார்த்தீங்களா, எந்த வழக்கைத் திறந்தாலும் நம்ம ஊர் பேர் வந்துடுது.

காரணம் இருக்கிறது. சிங்கப்பூரில் இருக்கும் பணம் என்றால் உலகம் நம்பும். நல்ல வங்கிகள், கறாரான சட்டம், சுத்தமான நீதிமன்றம். அந்த நம்பிக்கையைத்தான் இந்த மோசடி முகவரியாகப் பயன்படுத்திக்கொண்டது. தபால் தலையில் "சிங்கப்பூர்" என்று இருந்தால் கடிதத்துக்கே ஒரு கனம் வந்துவிடுகிறது. ஆகவே இங்கு தொடுக்கப்பட்ட வழக்குகள் தொகையில் சின்னதாகத் தெரிந்தாலும் அவற்றை அலட்சியமாகப் பார்க்க முடியாது.

உங்கள் அலுவலகத்தில் நடந்தால்?

பாவ் கில்லின் இடத்தில் நீங்கள் இருந்தால் எந்தச் சட்டம் உங்களைக் காக்கும்? ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் முறைகேட்டை அம்பலப்படுத்துவோரைப் பாதுகாக்கும் உத்தரவை நிறைவேற்றியது. ஜெர்மனி அதைத் தன் சட்டமாக்கி 2023 ஜூலையில் நடப்புக்குக் கொண்டுவந்தது. தகவல் தந்த ஊழியரைப் பழிவாங்கினால் நிறுவனம்தான் பதில் சொல்ல வேண்டும்.

சிங்கப்பூரில் அப்படி எல்லாரையும் காக்கும் ஒரே பொதுச் சட்டம் இல்லை. பாதுகாப்பு துண்டு துண்டாக இருக்கிறது. ஊழல் தடுப்புச் சட்டம், ஊழல் பற்றித் தகவல் தருபவரின் அடையாளத்தை மறைத்து வைக்கிறது. சிங்கப்பூர்ப் பங்குச் சந்தையில் உள்ள நிறுவனங்கள், முறைகேடுகளைத் தெரிவிக்கும் வழிமுறை ஒன்றை வைத்திருக்க வேண்டும். தெரிவிப்பவரைப் பழிவாங்கலிலிருந்து காக்க உறுதி தர வேண்டும். இது 2022 ஜனவரி 1ஆம் தேதியிலிருந்து கட்டாயம்.

அந்த விதி பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களுக்கு மட்டுமே. வயர்கார்டின் சிங்கப்பூர் அலுவலகம் இந்தச் சந்தையில் பட்டியலிடப்படவில்லை. அது வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் கிளை. இங்கே வேலைக்குச் சேரும் இளையர்களில் பலர் கால் வைப்பதும் அப்படிப்பட்ட அலுவலகங்களில்தான்.